மேல்பக்கம் வேலி இல்லை

மணல்திட்டு முகாம்
அக்டோபர் 12

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் முழங்கால் வலி எந்த மட்டில் இருக்கிறது என்று முதலில் எழுது. அண்ணி இரத்த அழுத்த மாத்திரையை மறக்காமல் போடுகிறார்களா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. முகம் வெயிலில் கறுத்து, கண்ணாடி மறைக்கிற இடம் மட்டும் வெளுத்து, பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். இங்கே போன் கோபுரம் கிடையாது. வாரம் இரண்டு முறை தபால் படகு வரும். அதனால், வியாபாரக் கடிதம் தவிர எனக்கு வேறு எழுத வராது என்கிற உன் சாக்கு இந்த முறை செல்லாது.

உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும்.

நான் இந்த மணல்திட்டில் என்ன செய்கிறேன் என்று நீ எப்போதும் கேலியாகத்தான் கேட்பாய். ஒருமுறை நேராகவே சொல்லிவிடுகிறேன். வடக்கே குளிர் தொடங்கியதும் வல்லூறுகள் தெற்கே கிளம்பும். வழியில் உங்கள் துறைமுகத்தில் பத்து நாள் தங்கி, இரை பிடித்து, உடம்பைத் தேற்றிக்கொள்ளும். அங்கிருந்து இரண்டே நாளில் எங்கள் திட்டுக்கு வந்துவிடும். நாங்கள் வலையில் பிடித்து, எடை பார்த்து, காலில் வளையம் மாட்டி, இறக்கை நரம்பில் சில சொட்டு இரத்தம் எடுத்துக்கொண்டு விட்டுவிடுவோம்.

நேற்று நீல வளையம் 27 வந்தாள். மூன்று வருஷத்துக்கு முன்னால் நானே வளையம் மாட்டிய பெண் வல்லூறு. கையில் எடுத்ததுமே கனம் குறைந்திருப்பது தெரிந்தது. போன வருஷத்து எடையில் முக்கால்வாசிதான் இருந்தாள். மார்பு இறகில் கறுப்பாக, பிசின் மாதிரி ஏதோ ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன். உன் கடைக்குள் நுழைந்ததும் அடிக்குமே, அதே வாடை. கப்பல் எண்ணெய்.

உங்கள் துறைமுகத்தில் கப்பல் உரசி எண்ணெய் கொட்டி இரண்டு வருஷம் ஆகிறது. எல்லாவற்றையும் வாரிவிட்டோம், கரை சுத்தம் என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அப்படியானால் இவள் மேல் இருப்பது எங்கிருந்து வந்தது?

வல்லூறு நேராக எண்ணெயில் இறங்காது. அது உள்ளானைப் பிடித்துத் தின்னும். உள்ளான் என்றால், அலை ஓரத்தில் குடுகுடுவென்று ஓடிக் கொத்துமே, அந்தச் சின்னப் பறவை. உன் ஊரில் உள்ளான்கள் கூட்டமாக இறங்குகிற இடம் எது, வல்லூறு எங்கே உயரத்தில் உட்காருகிறது, இந்த இரண்டை மட்டும் பார்த்து எழுது. மார்ச்சில் இவை வடக்கே திரும்பும்போது மறுபடியும் உங்கள் ஊரில்தான் தங்கும். அதற்குள் இடம் தெரிந்தாக வேண்டும். இன்னொரு தடவை என்றால் 27 தாங்கமாட்டாள்.

உன் தங்கை

*

துறைமுக வாசல் கடை
அக்டோபர் 21

அன்புத் தங்கைக்கு,

முழங்கால் படி ஏறும்போது வலிக்கிறது, இறங்கும்போது திட்டுகிறது. உன் அண்ணி தன் மாத்திரையைப் போடுகிறாள். நான் போட்டேனா என்று அதைவிட நன்றாகப் பார்க்கிறாள். நீ தலையில் துணி கட்டிக்கொண்டு வேலை செய். கறுத்தால் பரவாயில்லை, சுருண்டு விழாதே.

நான் வைத்திருப்பது கப்பல் சாமான் கடை. கயிறு, பெயிண்ட், தார்ப்பாய், சங்கிலி. பறவைக்கும் எனக்கும் உள்ள சம்பந்தம், கடை போர்டின் மேல் அது போட்டுவிட்டுப் போவதோடு சரி. இருந்தாலும் நீ வாய் திறந்து என்னிடம் ஒன்று கேட்பது அபூர்வம். கண்ணாடிப் பெட்டியிலிருந்து ஒரு பைனாகுலரை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மூன்று நாள் சுற்றினேன். கிரேன் ஓட்டுகிறவர் மேலிருந்து பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார்.

"என்ன முதலாளி, எந்தக் கப்பலுக்குக் காத்திருக்கீங்க?"

"கப்பல் இல்லய்யா, பருந்து."

"வந்தா என்ன வாங்குமாம்?"

"உன் கொக்கியப் பாத்து இறக்கு. என் தலை கீழ இருக்கு."

பார்த்ததை எழுதுகிறேன். அலைதடுப்புக் கல்வரிசை ஓரம் உள்ளான் நிறைய இருக்கிறது. தண்ணீர் தெளிவாக இருக்கிறது, கையை விட்டே பார்த்தேன். மீன் இறக்குகிற இடத்தில் காக்கைதான். சதுப்புப் பக்கம் செருப்பைக் கழற்றிக்கொண்டு இறங்கினேன்; சேறு உண்டு, எண்ணெய் இல்லை. நீ சொன்ன பருந்து கல்வரிசை விளக்குக் கம்பத்தில் உட்காருகிறது.

கோடவுன் பக்கம் சரக்கு ஏற்றி இறக்குகிற வேலை. அங்கே நின்று பார்க்க நேரமில்லை, பார்க்கும்படியாகவும் ஒன்றும் கிடையாது.

கயிறு வேண்டுமானால் எழுது. நீங்கள் வலை கட்ட வைத்திருக்கிற கயிறு எப்படிப்பட்டதென்று போன வருஷப் போட்டோவிலேயே பார்த்தேன். அதில் துணிகூடக் காயப்போட முடியாது.

அண்ணன்

*

மணல்திட்டு முகாம்
நவம்பர் 6

அன்புள்ள அண்ணாவுக்கு,

சேற்றில் இறங்கின காலுக்கு வலி கூடவில்லையே? அண்ணி என்னைத் திட்டியிருப்பார்கள். இருவருக்கும் என் அன்பு. எனக்கு ஒரு சளி வந்து போனது, அவ்வளவுதான்.

அது பருந்து இல்லை, வல்லூறு. பருந்து வட்டமடித்து வேடிக்கை பார்க்கும். வல்லூறு முடிவு பண்ணிவிட்டு இறங்கும். வியாபாரி நீ, உனக்குத்தான் இந்த வித்தியாசம் முதலில் புரிய வேண்டும்.

ஆய்வகத்திலிருந்து பதில் வந்தது. பத்தொன்பது பறவைகளில் ஏழின் இரத்தத்தில் எண்ணெயின் நஞ்சு இருக்கிறது. அதிகம் 27-க்குத்தான். இந்த நஞ்சு இரத்தத்தில் சில நாள்தான் நிற்கும். அப்படியென்றால் இங்கே வருவதற்கு முந்தின வாரம் பட்டிருக்க வேண்டும். அந்த வாரம் அவை இருந்தது உன் ஊரில்.

நீ பார்த்த மூன்று இடமும் ஓடுகிற தண்ணீர். நான் யோசித்துப் பார்த்தேன். தேங்கி நிற்கிற இடமாக இருக்க வேண்டும். எண்ணெய் படர்ந்த பள்ளம் மேலிருந்து பார்க்கிற உள்ளானுக்குப் பளபளவென்று குளம் மாதிரிதான் தெரியும். நம்பி இறங்கும். ஒட்டிக்கொண்டு பறக்க முடியாமல் திணறும். திணறுகிற பறவையை எந்த வல்லூறும் விடாது. இன்னொருமுறை சுற்றிப் பார்ப்பாயா? 27-இன் இறகு இரண்டை, அன்று கொட்டிய எண்ணெயோடு ஒப்பிட்டுப் பார்க்க ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

உன் தங்கை

*

துறைமுக வாசல் கடை
நவம்பர் 17

தங்கைக்கு,

எல்லாரும் சுகம். சளிக்கு ஆவி பிடி.

இத்துடன் நைலான் கயிறு இரண்டு சுருள், தார்ப்பாய் ஒன்று, கையுறை ஒரு டஜன் அனுப்பியிருக்கிறேன். தார்ப்பாயின் ஓரத்தில் பித்தளை வளையம் இருக்கும், கயிற்றை அதில் கோத்துக் கட்டு, துணியில் ஓட்டை போடாதே. கயிற்று முனையை நெருப்பில் காட்டி உருக்கிவிடு, பிரியாது. கடையில் புதுப் பெயிண்ட் வந்திருக்கிறது. முன்பக்க ஷட்டரை மாற்றினேன்.

பறவைகள் எல்லாம் போய்விட்டன.

அண்ணன்

*

ஆய்வக விடுதி
டிசம்பர் 10

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் நலமாக இருக்கிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். உன்னிடமிருந்து இல்லை, அண்ணியிடமிருந்து. முகாமைக் கலைத்து நகரத்துக்கு வந்ததிலிருந்து நான்கு முறை போன் பண்ணினேன். நான்கு முறையும் நீ குளித்துக்கொண்டிருந்தாய். அண்ணா, இவ்வளவு சுத்தமான ஆளாக நீ எப்போது ஆனாய்?

கயிறு அருமை. தார்ப்பாய் மழைக்கு ஒரு சொட்டு விடவில்லை. எங்கள் படகோட்டி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இத வித்தவர் நேர்மையான ஆளுதாங்க" என்றார். நான் ஆமாம் என்றேன்.

வேறு ஒன்றுமில்லை.

உன் தங்கை

பின்குறிப்பு: இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் வந்திருந்தபோது கோடவுனுக்குப் பின்னால் ஒரு பள்ளம் வெட்டி இதே மாதிரித் தார்ப்பாய் விரித்துக்கொண்டிருந்தாயே. அதில் இன்னும் தண்ணீர் நிற்கிறதா?

*

துறைமுக வாசல் கடை, மாடி வீடு
ஜனவரி 18

அன்பு நாத்தனாருக்கு,

நீ சௌக்கியமா? நான் சௌக்கியம். உன் அண்ணன் சௌக்கியமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உன் டிசம்பர் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறார். சலவைக்குப் போட்ட சட்டையில் நான் எடுத்தேன், பிடுங்கிக்கொண்டார். இரண்டு வாரமாகக் காலையில் கடையைத் திறந்துவிட்டு, கோடவுன் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுகிறார். அண்ணாந்தே பார்க்கிறார். "என்னங்க, கழுத்து சுளுக்கிக்கப் போகுது"ன்னு சொன்னால், "எண்ணிக்கிட்டு இருக்கேன், பேசாதே, விட்டுப்போயிடும்" என்கிறார். வாடிக்கையாளர் வந்து நின்றால்கூட எழுந்து வருவதில்லை. அவர் இப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

நீ என்ன எழுதினாய் என்று நான் கேட்கவில்லை. ஆனால் அதைத் திருப்பி வாங்கிக்கொள்ளாதே. அவருக்கு ஏதோ ஒன்று உள்ளே வேலை செய்கிறது. நடுவில் நிறுத்திவிட வேண்டாம்.

அண்ணி

*

ஆய்வக விடுதி
பிப்ரவரி 1

அன்புள்ள அண்ணாவுக்கு,

உன் கழுத்து எப்படி இருக்கிறது? அண்ணிக்கு என் வணக்கம்.

நான் கேட்டதைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. மறுபடியும் கேட்கவும் மாட்டேன். வல்லூறுகள் மார்ச் முதல் வாரம் திரும்பக் கிளம்பும். அது மட்டும் நினைவிருக்கட்டும்.

உன் தங்கை

*

துறைமுக வாசல் கடை
பிப்ரவரி 21

தங்கைக்கு,

சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் விஷயம்.

பள்ளம் இருந்தது. இப்போது இல்லை. இரண்டையும் சொல்கிறேன்.

அன்றைக்கு எண்ணெய் வாரிய கம்பெனிக்கு மண்வெட்டி, சாக்கு, உறிஞ்சுகிற பஞ்சு எல்லாம் கொடுத்தது நான்தான். வாரியதை வைக்க இடமில்லை, இரண்டே வாரம் உன் கோடவுன் பின்னால் இருக்கட்டும், லாரி வந்து எடுத்துவிடும் என்றார்கள். பள்ளம் வெட்டி, கடையில் இருந்ததிலேயே நல்ல தார்ப்பாயாக விரித்து, கொட்டிக்கொள்ளச் சொன்னேன். லாரி வரவில்லை. கம்பெனியே ஊரைவிட்டுப் போய்விட்டது. மழை பெய்து நிறைந்தது, எண்ணெய் மேலே மிதந்தது. நாயோ மாடோ விழுந்துவிடக் கூடாதென்று நாலு பக்கமும் கம்பி வேலி போட்டேன். நல்ல வேலி, கம்பத்துக்குக் கம்பம் சிமெண்ட். மேல்பக்கம் போட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நாற்பது வருஷமாக எனக்கு எல்லாமே தெருப்பக்கமிருந்துதான் வந்திருக்கிறது, நல்லதும் கெட்டதும்.

அக்டோபரில் நான் எழுதிய கடிதத்தில் ஒன்றை விட்டுவிட்டேன். பைனாகுலரோடு சுற்றிய மூன்றாம் நாள், கோடவுன் தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது. பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. எழுதவில்லை. துறைமுகத்துக்குத் தெரிந்தால் கேட் பாஸைப் பிடுங்கிவிடுவார்கள். கேட் பாஸ் இல்லாவிட்டால் கப்பலுக்குள் போக முடியாது. மறுபடியும் தோளில் கயிற்றுச் சுருளோடு படித்துறையில் கூவிக்கொண்டிருந்த பழைய ஆள்தான் நான். அந்த ஆளைப் பார்த்து எனக்குப் பயம். வேறு காரணம் சொன்னால் பொய்.

உன் பின்குறிப்புக்கு அப்புறம் போய் உட்கார்ந்தேன். அவ்வளவு ஒன்றும் இருக்காது என்று எனக்கே நிரூபித்துக்கொள்ளத்தான் எண்ண ஆரம்பித்தேன். இரண்டாம் வாரம் வாட்ச்மேனிடம் கேட்டேன்.

"இங்க பறவை விழுதா?"

"விழுமே முதலாளி. வாரத்துக்கு ஒரு சாக்கு அள்ளிப் போடுறேன்."

"ஏன்யா எங்கிட்ட சொல்லல?"

"திருட்டு போனா சொல்லுன்னுதான சொல்லியிருந்தீங்க. இது போறதில்ல, வருது."

அவன் மேல் கோபப்பட எனக்கு வாயில்லை.

பிப்ரவரி நாலாம் தேதி, தெற்கே போகாமல் இங்கேயே தங்கிவிட்ட வல்லூறு ஒன்று பள்ளத்தில் சிக்கின உள்ளானைத் தூக்கிக்கொண்டு தொட்டி மேல் போய் உட்கார்ந்து தின்றது. அது போனபிறகு ஏணி வைத்து ஏறிப் பார்த்தேன். முழங்காலைப் பற்றிக் கேட்காதே. போன வருஷம் வெள்ளைப் பெயிண்ட் அடித்த தொட்டி. மூடி முழுக்கக் கறுப்புக் கால்தடம். ஒன்றிரண்டு இல்லை, ஒன்றின் மேல் ஒன்றாக, பல நாள் தடம். மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை. என் கடைச் சரக்கு, நல்ல பெயிண்ட், அதற்குள்ளேயே இறங்கியிருந்தது. இறங்கி வந்து நேராகத் துறைமுக அலுவலகத்துக்கு நடந்தேன். அதிகாரி தாளை எடுத்து எழுத ஆரம்பித்தார்.

"புகார் குடுக்கறது யாரு?"

"நான்தான் சார்."

"யார் மேல?"

"அதுவும் நான்தான்."

பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வீட்ல ஏதாவது பிரச்சனையா?" என்று கேட்டார்.

அன்று மத்தியானமே பள்ளத்தின் மேல் மீன்வலையை இழுத்துக் கட்டினேன், கலர் துணி தொங்கவிட்டு. பத்து நாளில் உறிஞ்சுகிற டேங்கர் வந்து முழுவதையும் எடுத்தது. எண்ணெய்க் கழிவை முறைப்படி எரிக்கிற ஆலைக்கு நானே கூடப் போய் இறக்குவதைப் பார்த்துவிட்டு வந்தேன். இந்த முறை லாரியை நம்பவில்லை. அடிமண்ணையும் தோண்டி எடுத்துவிட்டு, முந்தாநாள் புது மண் கொட்டி மூடியாகிவிட்டது. கேட் பாஸை ஆறு மாதத்துக்கு வாங்கி வைத்துக்கொண்டார்கள். படித்துறையில் மீன்படகுகளுக்கு விற்கிறேன். குரல் இன்னும் இருக்கிறது, எனக்கே ஆச்சரியம்.

போன் பண்ணாமல் ஏன் எழுதுகிறேன் என்றால், போனில் நீ "பரவாயில்லை அண்ணா" என்று சொல்லிவிடுவாய். அது எனக்கு வேண்டாம்.

நீ சுகமா? வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

அண்ணன்

*

மணல்திட்டு முகாம்
மார்ச் 30

அன்புள்ள அண்ணாவுக்கு,

சுகம்தான், சாப்பிடுகிறேன். ஏணியில் ஏறின முழங்காலை டாக்டரிடம் காட்டிவிட்டு அவர் சொன்னதை எழுது.

பரவாயில்லை என்று நான் சொல்லப்போவதில்லை. நானும் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருந்தேன். இறகு பற்றிய ஆய்வக முடிவு டிசம்பர் எட்டாம் தேதியே வந்துவிட்டது. துறைமுகத்தில் அன்று கொட்டிய அதே எண்ணெய். பழசு, தேங்கி நின்றது. படித்ததுமே எனக்கு அந்தத் தார்ப்பாய் ஞாபகம் வந்தது. இரண்டு நாள் கழித்து உனக்குப் பின்குறிப்பு எழுதினேன். அறிக்கையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினேன். மார்ச் ஒன்றாம் தேதி காலையில் துறைமுகத்திடம் எடுத்துக் கொடுத்திருப்பேன், அண்ணா. கண்டிப்பாகக் கொடுத்திருப்பேன். அதுவரை உனக்காகக் காத்திருந்தேன். நான் காத்திருக்க, நீ வலை கட்டும்வரை இரண்டு மாதமும் வாட்ச்மேன் சாக்கு அள்ளிக்கொண்டுதான் இருந்திருக்கிறான். அது என் பங்கு.

இப்போது வல்லூறுகள் வடக்கே போகின்றன. எங்களைத் தாண்டித்தான் உன் ஊருக்கு வரும். அதனால் உன் ஊர் சுத்தமாகிவிட்டதா என்று இவற்றின் இரத்தம் சொல்லாது. அக்டோபரில் அங்கிருந்து வருகிறவைதான் சொல்லும். 27 இந்த முறை எங்கள் வலைக்கு வரவில்லை. வேறு வழியாகப் போயிருக்கலாம். போயிருக்கலாம் என்றுதான் எழுதுகிறேன்.

பள்ளத்தைப் பற்றி நீ எழுதிய பக்கத்தை அறிக்கையோடு இணைக்கலாமா? இதே மாதிரிப் பள்ளம் வேறு துறைமுகங்களிலும் இருக்கும் என்கிறார்கள் இங்கே.

உன் தங்கை

*

துறைமுக வாசல் கடை
ஏப்ரல் 8

தங்கைக்கு,

டாக்டர் ஏணியைத் தொடாதே என்றார். அண்ணி ஏணியையே விற்றுவிட்டாள், அதுவும் என் கடையிலேயே.

தாராளமாக இணைத்துக்கொள். வேலியைப் பற்றிய வரியை மட்டும் வெட்டிவிடாதே. வேலி போட்டாயிற்று என்று நிம்மதியாக இருக்கிறவர்கள் படிக்கட்டும்.

அண்ணன்

*

மணல்திட்டு முகாம்
அக்டோபர் 14

அன்புள்ள அண்ணாவுக்கு,

ஆகஸ்டில் கேட் பாஸ் கிடைத்ததும் நீ போனில் கத்தியதில் என் காது இப்போதுதான் சரியாகியிருக்கிறது. அண்ணி நலம்தானே?

முதலில் வந்த ஆறு பறவைகளின் முடிவு வந்துவிட்டது. ஆறிலும் நஞ்சு இல்லை. நான் தாளைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தேன். படகோட்டி, "என்னம்மா, லாட்டரியா?" என்று கேட்டார். ஆறில் நான்கு இளம் பறவைகள், இந்த வருஷம்தான் முதல் பயணம். நல்ல எடை, இறகு பளிச்சென்று இருக்கிறது. கையைக் கிழித்துவிட்டது ஒன்று. அவ்வளவு பலம்.

27 இன்னும் வரவில்லை. போன வருஷம் பதினொன்றாம் தேதியே வந்துவிட்டாள். தினமும் வலையைக் கட்டிவிட்டு வடக்கேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உன் தங்கை

*

துறைமுக வாசல் கடை
அக்டோபர் 19

அன்புத் தங்கைக்கு,

நான் சுகம், உன் அண்ணி சுகம், முழங்காலும் இன்று சுகம். மூவரும் மாடியில் நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறோம்.

காலை ஒன்பது மணி இருக்கும். கிரேன்காரர் கடைக்குப் போன் பண்ணினார்.

"முதலாளி, உங்க ஆளு வந்திருக்கு. என் கைப்பிடி மேலயே உக்காந்திருக்கு. கால்ல நீலமா ஏதோ போட்டிருக்கு."

"நம்பர் தெரியுதா?"

"ரெண்டு... ஏழு. ஏன், பில் போடணுமா?"

கப்பல்காரர்களுக்கு விற்கிற பெரிய தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறினேன். ஏணி இல்லை, படிதான். பார்த்தேன். மார்பு வெள்ளை வெளேரென்று இருந்தது; இறகின் இயல்பான கோடுகள்தான், கறை எதுவும் இல்லை. பிறகு கிளம்பினாள். நேராக நம் கோடவுனுக்கு வந்தாள். பள்ளம் இருந்த இடத்துக்கு மேல் இரண்டு சுற்று. கீழே புல் முளைத்திருக்கிறது, பார்க்க ஒன்றுமில்லை. தொட்டி மேலும் உட்காரவில்லை. அப்படியே திரும்பிக் கல்வரிசைக்குப் போய், அலை ஓரத்தில் எழும்பின கூட்டத்துக்குள் விழுந்தாள். நீ சொன்னது சரி, வல்லூறு வேடிக்கை பார்ப்பதில்லை. நல்ல தெளிந்த தண்ணீரில் மேய்ந்த உள்ளானைத் தூக்கிக்கொண்டு போனாள்.

கடை வாசல் வரை வந்துவிட்டு உள்ளே வராமல் போன வாடிக்கையாளரைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது இந்த நாற்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை.

இந்தக் கடிதம் தபால் படகில் உன் கைக்கு வருவதற்குள் அவள் உன்னிடம் வந்து சேர்ந்தாலும் சேர்ந்துவிடுவாள். தராசைச் சரிபார்த்து வை. எடை கூடியிருக்கும். எவ்வளவு என்று எழுது.

அண்ணன்